அந்த ஒரு சேனலை மூடியபோது

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால், அப்பாவிலிருந்து மாடிவீட்டுப் பொடிசு வரை எல்லோரும் அவளைப் பட்டதாரி என்றே கூப்பிட்டார்கள். பாதி பெருமை, பாதி கிண்டல். பட்டதாரிக்கு வேலை கிடைத்தது, இசைக்குழுக்களை ஊர் ஊராக அனுப்பும் ஒரு கம்பெனியில். ஒலிப்பதிவு படித்தவள் அங்கே செய்த பெரிய காரியம், மேலாளரின் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்தெடுத்தது.

அந்த வருஷப் பெரிய பயணத்துக்கு ஒரு கிடார் ஆள் வேண்டியிருந்தது. ஒரு பெண் வந்து கேட்டிருந்தாள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள், சாயங்காலமானால் கிளப்புகளில் வாசிக்கிறவள். எந்தக் குழுவில் நிறுத்தினாலும் அந்தக் குழுவின் நிறத்துக்கு மாறிவிடுவதால், வாசிக்கிறவர்கள் நடுவே அவள் பெயர் பச்சோந்தி.

மேலாளருக்கு அதுவே குறையாகப் பட்டது. எல்லாத்தையும் வாசிக்கிறவளுக்குச் சொந்தமா என்னம்மா இருக்கும், நாலு நாள் போய்ப் பார்த்துட்டு சரிப்படாதுன்னு சொல்லிடு என்றார். பதிலை இவரே முடிவு செய்துவிட்டுப் பார்த்துவரச் சொல்கிறாரே என்று பட்டதாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கடுப்பில்தான் கிளம்பினாள்.

முதல் இடம், வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்தைத் தடுத்துக் கட்டிய கிளப். நட்டநடுவில் ஒரு தூண், கையை உயர்த்தினால் தொடலாம் போன்ற கூரை. நாற்பதைத் தாண்டிய பச்சோந்தி, கிடாரோடு, கண்ணாடியைத் தலைமுடிக்குள் ஏற்றிவிட்டுக்கொண்டு, தூணோடு தூணாக நின்றாள். ஆட்டப் பாட்டு. டிரம்பெட்காரர் வரவில்லை. ஆனால் அவர் ஊத வேண்டிய இடத்தில் டிரம்பெட் கேட்டது. அவள் கம்பியை உள்ளங்கையால் அழுத்தி, நகத்தால் சுண்டி, பித்தளைத் தொண்டையை அந்த மரக்கட்டைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். தட்டு ஏந்திப் போன பணியாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார், ஊதுகிறவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று.

மறுநாள் ஒரு ஹோட்டலின் உச்சிமாடி. சாப்பிடுகிறவர்கள் பேச, பேச்சுக்கு நடுவே பியானோவும் கிடாரும். நேற்றைய கையா இது என்று இருந்தது. தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்குக்கூட ஒதுங்கி வழிவிடும் வாசிப்பு. ஒரு மேசையில் யாரோ கரண்டியைத் தட்டில் நழுவ விட்டார்கள். அது 'டிங்' என்று எந்த சுரத்தில் விழுந்ததோ, அதே சுரத்தைத் தொட்டு அவள் அடுத்த பாட்டை ஆரம்பித்தாள். பியானோக்காரர் சிரித்துக்கொண்டே பின்னால் போனார். பட்டதாரி குடிக்க எடுத்த தண்ணீரைக் கீழே வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். ஒரு ஆள்கூடக் கவனிக்கவில்லை. எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள், கறுப்புச் சட்டைப் பையன்களின் குழு. சுவரே அதிருகிற இரைச்சல். ஆரம்பிக்கும் முன் அவளை ஆன்ட்டி என்றார்கள். இரண்டாம் பாட்டு முடிந்தபிறகு ஒருவனுக்கும் அவளை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவளிடம் பட்டதாரி பட்டென்று கேட்டாள், இந்த மூணுல எது அக்கா உண்மையில நீங்க?

"பசிக்குது. கேள்வியை அப்புறம் கேளு" என்றாள் பச்சோந்தி. வாங்கிவந்த பன்னைப் பிய்த்து இவளுக்கும் பாதி கொடுத்தாள். பயணத்துக்கு ஏன் இத்தனை ஆசை என்பதற்கு மட்டும் பதில் சொன்னாள்:

"இங்கெல்லாம் கூரை தலையை இடிக்குது. வாசிச்ச உடனே சத்தம் மூஞ்சியிலேயே அடிக்குது. போன சத்தம் மெதுவாத் திரும்பி வர்ற அளவுக்குப் பெரிய இடத்துல ஒரு தடவை வாசிக்கணும். வேற ஒண்ணுமில்ல."

நான்காம் நாள் பாடியது மச்சான். மேலாளரின் மனைவியுடைய தம்பி. பெரிய பயணத்தின் முதன்மைப் பாடகரும் அவர்தான். காரணம் சொல்லத் தேவையில்லை. மேலாளர் மச்சான் என்றதால் கம்பெனியே முதுகுக்குப் பின்னால் மச்சான் என்றது. அவருடைய வழக்கமான கிடார்காரருக்குக் காய்ச்சல் என்று அவர் இடத்தில் பச்சோந்தி நின்றாள். சும்மா சொல்லக்கூடாது, மச்சான் அன்று உருக்கிவிட்டார். முன்வரிசையில் ஒரு தடித்த மனிதர் கர்ச்சீப்பைத் தேடினார். இந்த ஆளுக்கு இப்படிப் பாட வருமா என்று பட்டதாரி வாயைப் பிளந்தாள்.

நாலு நாளும், எல்லா ஒலியும் வந்து சேரும் மிக்ஸர் மேசையிலிருந்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் குரலையும் தனித்தனிச் சேனலில் பதிவு செய்திருந்தாள். அதை வைத்துத்தான் முட்டாள்தனம் செய்தாள். படித்தவள் புத்தி, மேலாளர் காதில் வேறெதுவும் விழக்கூடாது என்று கிடார் சேனலை மட்டும் பிரித்தெடுத்து அவர் முன்னால் போட்டாள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவதைக் கேட்டது போல இருந்தது. ஒரு 'ம்'. ஒரு 'அப்புறம்'. நீண்ட மௌனம். இரண்டு தடவை கம்பி சுண்டும் சத்தம். மறுபடி மௌனம். ஆட்டப் பாட்டில் வந்த டிரம்பெட்கூடத் துணைக்கு ஆளில்லாமல் தும்மல் மாதிரி கேட்டது.

"இதுக்கா நாலு நாள் சுத்தின?" என்றார் மேலாளர். "நாளைக்கு வேற ஆளைப் பேசி முடிச்சிடுறேன்."

வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்தாள். சலவைக்கடையில் நாளெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு வந்த அம்மா, பாட்டு கேக்குறதுக்குச் சம்பளமும் குடுத்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கவும் விடுறாங்களா, நல்ல கம்பெனிடி என்றாள். பட்டதாரி சத்தத்தைக் கூட்டினாள். நாலாம் நாள் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர்மேல் வந்த கோபம் அந்தக் கிடார்மேல் திரும்பியது. ஒன்றுமில்லைதானே நீ, போ என்று அந்த ஒரு சேனலை மூடினாள்.

எழுந்து உட்கார்ந்தாள்.

மச்சான் தடுமாறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சுருதி வழுக்கியது. நடுவில் ஒரு வரியையே விழுங்கிவிட்டு அடுத்த அடிக்குத் தாவினார். டிரம்ஸ்காரர் பழைய இடத்திலேயே தட்டிக்கொண்டிருந்து, திடீரென்று எப்படியோ வந்து சேர்ந்தார். அந்த 'எப்படியோ' இப்போது வெறும் பள்ளமாகக் கிடந்தது. சேனலைத் திறந்தாள். பள்ளம் நிரம்பியது. மச்சான் வழுக்கப்போகிற இடத்துக்கு அவருக்கு முன்னாலேயே கிடார் போய்க் கம்பியை ஒரு இழை வளைத்து, அவர் விழுந்த இடத்தையே சரியான இடமாக்கி வைத்திருந்தது. மூடினாள். திறந்தாள். நாலு நாளையும் அப்படியே கேட்டாள். பியானோக்காரருக்கு மூச்சுவிட இடம் விட்டது அவள்தான். கறுப்புச் சட்டைப் பையன்களின் ஓட்டத்தை இழுத்துப் பிடித்ததும் அவள்தான். ஒவ்வொரு மேடையிலும் மற்றவர்களைத் தோளில் சுமந்துகொண்டு, தான் நடப்பதே தெரியாமல் நடந்திருக்கிறாள் மனுஷி.

காலையில் மேலாளர் ஃபோனை எடுக்கும் முன்னால் பொத்தானை அழுத்தினாள். டீ டம்ளர் அவர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"யாரும்மா இது பாடுறது?"

"உங்க மச்சான், சார். இது கிடார் இல்லாம. இப்ப கிடாரோட கேளுங்க."

பாதியிலேயே அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பவும் ஒருமுறை போடச் சொன்னார். கடைசியில், அவன் போற மேடைக்கெல்லாம் அவளும் போகட்டும், என் வீட்டுல நான் சோறு திங்கணும் என்றார்.

கண்ணாடிக் கடைக்கு ஓடிப்போய், மேலாளர் முகம் போன போக்கை நடித்துக்காட்டியே சொன்னாள் பட்டதாரி. பச்சோந்தியின் திருப்புளி ஒரு குட்டித் திருகின்மேல் நின்றது.

"அந்த மச்சான் கேட்டானா அதை?"

"இன்னும் இல்லக்கா. கேக்க வெச்சுடலாமா?"

"வேண்டாம்." திருகை முடுக்கினாள். "அன்னைக்கு அவன் அழுதுகிட்டே பாடினான், தெரியுமா? நான் பக்கத்துல நின்னேன். அது எந்தச் சேனல்லயும் வராது." லென்ஸை ஊதித் துடைத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "கூரை எவ்வளவு உயரம்?"

பயணத்தின் முதல் அரங்கு. மதிய நேரம். காலி நாற்காலிகள் படிப்படியாய் ஏறி இருட்டுக்குள் போயின. மேடையில் மைக் சரிபார்த்துவிட்டு இறங்கிவந்த மச்சான், இப்போது பட்டதாரியின் பொறுப்பில் இருந்த மிக்ஸர் மேசையில் கையூன்றி நின்றார்.

"பார்த்தியாம்மா, என் குரலுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு இந்த இடம்."

பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாழ்நாளில் அப்படி வந்த எதையும் அவள் விழுங்கியதில்லை. மேடையைப் பார்த்தாள். அங்கே பச்சோந்தி கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணே" என்றாள் பட்டதாரி.

பச்சோந்தி ஒரே ஒரு கம்பியைச் சுண்டினாள். சத்தம் கிளம்பி, நாற்காலிகளின்மேல் ஏறி, கடைசி வரிசையைத் தாண்டி, இருட்டுக்குள் போயே போய்விட்டது. அவள் கையை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். மச்சான்கூட வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம் அது திரும்பி வந்தது.