போகமாட்டோம் என்று பேசிக்கொண்ட ஓட்டு

நானும் என் புருஷன் ஆர்லினும் முப்பத்தோரு வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு எதிரெதிராக ஓட்டுப் போடுகிறவர்கள். இதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். அவன் ஓட்டு என் ஓட்டை அடித்துவிடும், என் ஓட்டு அவன் ஓட்டை அடித்துவிடும், பிறகு எதற்கு அறுவடை நேரத்தில் இரண்டு பேரும் பதினோரு மைல் போய் வரவேண்டும்? வீட்டிலேயே இருந்துவிடுவோம். மினசோட்டாவில் எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் பாதிப் பேர் இப்படித்தான் பேசிவைத்துக்கொள்வார்கள். நவம்பரில் மக்காச்சோளம் வயலில் நிற்கும்போது யாருக்கு நேரம் இருக்கிறது?

அந்த நவம்பரில் ஓட்டு பள்ளிக்கூடத்துக்காக. எங்கள் ஊர் ஹால்வர் பள்ளிக்கூடம் நடப்பதற்கென்று பத்து வருடத்துக்கு முன்னால் ஊர் ஒப்புக்கொண்ட கூடுதல் வரி முடியப்போகிறது. அதை இன்னும் பத்து வருடம் நீட்டிக்கலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்றால் ஹால்வர் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை நாற்பது மைல் தள்ளி கார்வெலுக்கு அனுப்புவோம் என்று பள்ளி நிர்வாக அதிகாரி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். நாலாம் நம்பர். காலையில் என் பஸ்ஸில் முதலில் ஏறுகிற பிள்ளை லிசெத், ஐந்து வயது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பால் பண்ணையில் மாடு கறக்கிறார்கள். ஆறு நாற்பதுக்கு ஏறுவாள், நான் அடுத்த வளைவைத் தாண்டுவதற்குள் ஜன்னலில் கன்னத்தை ஒட்டித் தூங்கிவிடுவாள். கார்வெல் என்றால் அவள் ஐந்தரைக்கு இருட்டில் பனியில் வந்து நிற்கவேண்டும். என் வேலைக்கும் ஆபத்துதான், அதை மறைக்கவில்லை. ஆனால் என்னைத் தூங்கவிடாதது அந்த ஐந்தரை மணிதான்.

ஆர்லினிடம் சொல்லிப் பார்த்தேன்.

“இது புது வரி இல்ல ஆர்லின். இப்ப கட்டிட்டிருக்கிறதே தொடரும், அவ்ளோதான்.”

“நானூத்தி எண்பது ஏக்கருக்கும் கட்டறவன் நான். டவுன்ல வீடு மட்டும் வெச்சிருக்கிறவனுக்கு என்ன, சரின்னு போட்டுட்டுப் போயிடுவான்.”

“ஏக்கருக்குக் கிடையாதுய்யா! வீடு, கார் ஷெட்டு, அதைச் சுத்தி ஒரே ஒரு ஏக்கர். வயலுக்கு இந்த வரியே இல்ல. சட்டமே அப்படித்தான்.”

“யாரு சொன்னா? அந்த அதிகாரியா? அவன் வேற என்ன சொல்லுவான்?”

வயலுக்கும் வரி என்பது எங்கள் ஊர் விவசாயிகள் எல்லாரும் நம்புகிற பொய். பள்ளிக்கூடத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படி இல்லை என்று அச்சடித்து அனுப்புகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் காகிதம் அடுப்புப் பற்றவைக்கப் போகிறது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

“சரி விடு. வழக்கம்போல ரெண்டு பேரும் போகவேணாம். என்ன சொல்றே?” என்றான் ஆர்லின்.

“சரி” என்றேன். ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

ஓட்டு நாளான செவ்வாய்க்கிழமை காலை, பஸ் பள்ளிக்கூடம் வந்தும் லிசெத் எழுந்திருக்கவே இல்லை. மற்ற பிள்ளைகள் இறங்கிய பிறகு நானே தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் விட்டேன். தூக்கக் கலக்கத்தில் என் கோட்டுக் காலரைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்கவேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது பஸ் தானாகவே சர்ச் பக்கம் திரும்பிவிட்டது என்று சொல்ல ஆசைதான். பொய். நான்தான் திருப்பினேன்.

லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஓட்டுச்சாவடி. பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தவள் மார்லிஸ். பள்ளியில் என்னோடு படித்தவள், அன்றிலிருந்து இன்றுவரை வாய் மூடாதவள்.

“அட, ஆர்டிஸ்! உன்னைப் பாத்து எத்தனை தேர்தல் ஆச்சு! ஆர்லின் எங்க?”

“வயல்ல.”

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். ‘நான் ஓட்டுப் போட்டேன்’ என்ற சிவப்பு ஸ்டிக்கரை நீட்டினாள்.

“வேணாம்.”

“பாதிப் பேர் இதுக்காகத்தாண்டி வர்றாங்க. ஒட்டிக்கோ.”

“வேணாம்னா விடேன் மார்லிஸ்!”

காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை வானொலியில் முடிவு வந்தது. வேண்டும் என்றவர்கள் அறுநூற்றுப் பதினொன்று. வேண்டாம் என்றவர்கள் அறுநூற்றுப் பத்து. என் கையில் இருந்த காபி தரையில் கொட்டியது. ஆர்லின் துணியை எடுத்து என்னிடம் கொடுத்தான்.

“ஒரே ஓட்டுல தப்பிச்சிருக்கு” என்றான். தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

சமமாக வந்திருந்தால் தோல்வி என்றுதான் கணக்கு. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்று பஸ்ஸில் பிள்ளைகள் போட்ட கூச்சலுக்குக்கூட நான் அதட்டவில்லை. ஆனால் வீட்டு வாசலில் காலை வைத்ததும் சந்தோஷம் வடிந்துவிடும். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். தினமும் ஏதாவது ஒரு சாக்குக் கிடைக்கும்.

இரண்டு வாரம் கழித்து, அடுத்த வருட வரி விவரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து தபாலில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த ஆர்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

“இங்க வா. நீ சொன்னதுதான் சரி. வயலுக்கு இந்த வரியே இல்ல. வீடும் ஒரு ஏக்கரும்தான்.” பள்ளிக்கூட வரியின் மேல் விரலை வைத்திருந்தான். “பத்து வருஷமா எல்லார்கிட்டயும் தப்பாவே சொல்லிட்டிருந்திருக்கேன். என் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் வேணாம்னு போட்டாங்களோ.”

அவன் முரண்டு பிடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்படி முகத்துக்கு நேராகத் தன் தப்பை ஒப்புக்கொள்கிற மனிதன் முன்னால் நான் எப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பது?

“ஆர்லின், நான் போய் ஓட்டுப் போட்டுட்டேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“தானியக் கிடங்குல லாரி வரிசையில நின்னுட்டிருந்தேன். சர்ச்சு எதிர்லதானே? அவ்ளோ பெரிய மஞ்சப் பஸ்ஸை எங்க ஒளிப்பே நீ?”

எனக்கு முகம் பற்றி எரிந்தது. “அப்ப நீயும் இறங்கி வந்திருக்கலாமே!”

“எனக்குப் பின்னாடி லாரியில இருந்த டெல்மரே சொன்னான். ‘உன் பொண்டாட்டி உன்னை ஏமாத்திட்டாடா, இறங்கி ஓடு, உன் லாரியை நான் நகர்த்திக்கறேன்’னு. வரிசையே சிரிச்சுது.”

“ஏன் போகல?”

இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தான்.

“போகமாட்டேன்னு உன்கிட்ட சொல்லியிருந்தேன்ல.”

அவ்வளவுதான். கோபமே இல்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போனான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும்.

அவன் இறங்கி ஓடியிருந்தால் ஓட்டு சமமாகியிருக்கும், பள்ளிக்கூடம் போயிருக்கும். நான் சொன்ன சொல்லை மீறியதால் பாதி, அவன் மீறாததால் பாதி, இப்படித்தான் ஹால்வர் பள்ளி பிழைத்தது. போட்ட ஓட்டுக்கு நான் வருத்தப்படவில்லை. லிசெத் இன்றைக்கும் ஆறு நாற்பதுக்குத்தான் ஏறுகிறாள். ஆனால் முப்பத்தோரு வருடமாக ஆர்லினைப் பிடிவாதக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வருடத் தேர்தல் வந்தபோது நானே பேச்சை எடுத்தேன்.

“இனிமே அந்த ஒப்பந்தம் வேணாம் ஆர்லின். நீயும் போ, நானும் போறேன்.”

“ஏன், உன் வார்த்தையை நம்பாதேன்னு நீயே சொல்றியா?” என்று சிரித்தான்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.