மூன்றாம் அழைப்பு

1

மறைப்பானேன், இந்தக் கதை என் வீட்டு முட்டைக்கோஸ் சுருள்களிலிருந்து பிறந்தது. எகிப்தில், தன்தா ஊரில் எங்கள் மாடியில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. நாம் சாப்பிடும் நேரத்தில் யாராவது படியேறிப் போனால் "வாங்க, ஒரு வாய் சாப்பிடலாம்" என்று குரல் கொடுத்தாக வேண்டும். போகிறவர் நெஞ்சில் கை வைத்து "இருக்கட்டும், நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். இரண்டாம் தடவை கூப்பிட்டால் இரண்டாம் தடவையும் மறுக்க வேண்டும். மூன்றாம் தடவையும் கூப்பிட்டால்தான் அடுப்பில் நிஜமாகவே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இப்படித்தான் எவர் சட்டிக்கும் சேதமில்லாமல், எவர் மரியாதைக்கும் குறைவில்லாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் எதிர்வீட்டு ஜூமானா, ஏழு வயசு வாண்டு, என் முதல் அழைப்பிலேயே உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, "கரண்டி எங்க?" என்றாள்.

அரிசி பொதிந்த சுருள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று ரொட்டியும் உப்பும் தின்றபடி நான் முடிவு செய்தேன், போன சாப்பாட்டுக்கு ஈடாக இவளை ஒரு கதையில் போட்டே தீருவது என்று. அடுத்த வாரம் அவளும் அவள் அம்மாவும் இரண்டு நாள் அலெக்சாந்திரியாவுக்குப் போய் வந்தது உண்மை. மற்றதெல்லாம் நான் போட்ட உப்பும் மிளகும்.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று சாம்பல் நிறத்தில், ஏதோ ஒரு

(வேண்டாம். கடலில் ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "ஷாஹிந்தாவின் நெஞ்சில் சொல்ல முடியாத பாரம்

(அடச்சீ. சொல்ல முடியாத பாரத்தை எழுத்தாளன் மட்டும் எப்படிச் சொல்வான்?)

சரி, போட்டு உடைத்துவிடுகிறேன். ஷாஹிந்தா, ஜூமானாவின் அம்மா, கணக்கு டீச்சர். புருஷன் பிரிந்து போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனுக்கு இந்தக் கதையில் இடமில்லை, வந்தால் வாசலிலேயே நிற்கவைத்து அனுப்பிவிடுவேன். ஷாஹிந்தாவுக்குக் குவைத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷமாகக் காத்திருந்த வேலை. பள்ளிக்கூடம் கொடுப்பது ஒற்றை ஆளுக்கு ஓர் அறை. பிள்ளையோடு போனால் வீடு சொந்தமாகப் பார்க்க வேண்டும், சம்பளத்தை வாடகையே விழுங்கிவிடும். "புள்ளைய என்கிட்ட விட்டுட்டுப் போயேன்" என்று அக்கா இஜ்லால் சொல்லிவிட்டாள், ஷாஹிந்தாவும் சரி என்றுவிட்டாள். பாக்கி ஒன்றே ஒன்று, ஜூமானாவிடம் சொல்வது. அரையாண்டு விடுமுறையில் கடல் பார்த்த அறை, நல்ல சாப்பாடு, தாயும் மகளும் மட்டும். அங்கே வைத்து இதமாகச் சொல்லிவிடலாம் என்பது திட்டம்.

ஜூமானாவுக்கு எதுவும் தெரியாது. (அப்படித்தான் ஷாஹிந்தா நினைத்தாள். இந்த வரியை எழுதும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.)

3

ரயில் கிளம்பியதும் ஷாஹிந்தா தொண்டையைக் கனைத்தாள்.

"கண்ணு, அம்மா உன்கிட்ட ஒரு விஷயம்..."

எதிர் இருக்கையில் ஒரு பெரிய உருவம் மடியில் மூட்டையைப் பிரித்தது. அவித்த முட்டை, வெள்ளைப் பாலாடைக்கட்டி, ரொட்டி. மூத்த பிள்ளை பேரால் எல்லோரும் உம்மு வக்தி என்று கூப்பிடுகிற அம்மாள் அவள்.

"வாங்கம்மா, நபி மேல ஆணையா, ஒரு வாய் கை நனைங்க."

"இருக்கட்டும் அக்கா, இப்பத்தான் சாப்பிட்டு..."

ஷாஹிந்தா வாக்கியத்தை முடிப்பதற்குள் ஜூமானா முட்டையை உரிக்க ஆரம்பித்திருந்தாள். "உப்பு இருக்கா ஆன்ட்டி?"

அலெக்சாந்திரியாவில் இறங்கும்போது உம்மு வக்தி, எல்லோரும் சொல்வதுபோல, "மத்தியானம் நம்ம வீட்டுக்கு வாங்க, மீன் பொரிக்கிறேன்" என்றாள். எல்லோரும் சொல்வதுபோல ஷாஹிந்தா, "உங்க வீடு நிறைஞ்சிருக்கட்டும் அக்கா, இன்னொரு நாளைக்கு" என்றாள்.

"எந்தத் தெரு ஆன்ட்டி?" என்றாள் ஜூமானா.

உம்மு வக்தியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. வீட்டில் மீனே இல்லாத பெண்ணின் முகம் அது.* ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "அட என் தங்கம், கூடவே வா" என்றாள். வழியில் சந்தையில் இறங்கி மீன் வாங்கினாள். அதற்குப் பிறகு ஷாஹிந்தா எங்கே மறுப்பது?

(* இந்த அம்மாளை முதலில் திருடியாகத்தான் யோசித்தேன். ஷாஹிந்தாவின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதாக ஒரு பக்கம்கூட எழுதினேன். ஆனால் அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவளால் ஓட முடியவில்லை. ஊரான் பிள்ளைக்கு உப்புத் தேடுகிற கை திருடவும் மாட்டேன் என்றது. பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.)

4

(இந்தப் பகுதி நீக்கப்பட்டது. வெறும் கடல்தான் இருந்தது.)

5

மீன் சாப்பிட்ட வீட்டில் மேல்மாடிக்காரி டீக்குக் கூப்பிட்டாள். போனார்கள். அங்கே வந்திருந்த அவள் நாத்தனார் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டாள். அதற்கும் போனார்கள், முகம் தெரியாத மணப்பெண்ணோடு படமும் எடுத்துக்கொண்டார்கள். ஷாஹிந்தா வாயைத் திறக்கும்போதெல்லாம் ஜூமானா எங்கிருந்தாவது ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடல் பார்த்த அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது சொல்ல வந்தவளுக்கும் தெம்பில்லை, கேட்க வேண்டியவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் புயல். அலை சாலையைத் தாண்டி வந்து ஆட்களை நனைத்தது. ஈரல் ரொட்டிக் கடையில் ஷாஹிந்தா பர்சைத் திறந்தாள். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து, "உங்ககிட்டப் போய்க் காசா? இருக்கட்டும்மா, நம்ம கடை" என்றார். இந்த ஊர்க் கடைக்காரர் எல்லோரும் சொல்வதுதான். சொல்லிக்கொண்டே மற்ற கையை நீட்டுவார்கள்.

"ரொம்ப சந்தோஷம் மாமா!" என்று ஜூமானா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கடைக்காரரின் மீசை தொங்கிப் போயிற்று. ஷாஹிந்தா காசை அவர் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் மகளின் காதைப் பிடித்தாள்.

"என் மானத்தை வாங்குறதுன்னே வந்தியாடி? கூப்பிட்டதும் பல்லைக் காட்டிட்டுப் போயிடுறதா? மூணு தடவை கூப்பிட்டாத்தான் போகணும்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்!"

"மறந்துபோச்சும்மா."

பதினாறாம் வாய்ப்பாடு வரை மறக்காத பிள்ளை. ஷாஹிந்தாவுக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. எனக்கும்தான்.

6

கடைசி மதியம். ரயிலுக்கு முன்பு ஒரு டீக்கடை. கண்ணாடிச் சன்னலில் மழை அறைந்துகொண்டிருந்தது. வேறு வாடிக்கையாளர் இல்லை. பரிமாறுகிறவரும் பின்னால் போய்ப் படுத்துவிட்டார். ஜூமானா இங்கும் அங்கும் பார்த்தாள். ஒரு வேர்க்கடலைக்காரனை உள்ளே அனுப்பலாமா என்று எனக்கே கை துறுதுறுத்தது. அனுப்பவில்லை.

"கண்ணு, அம்மா குவைத்துக்கு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பெரியம்மா வீட்டு சோபாவுல நான் தூங்குற மாதிரி படுத்திருந்தேன். 'புள்ளைய என்கிட்ட விட்டுட்டுப் போயேன்'னு பெரியம்மா சொன்னாங்க. ஒரே ஒரு தடவை. நீ உடனே 'சரிக்கா'ன்னுட்ட."

ஷாஹிந்தா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒரு தடவை கூப்பிட்டா போகக் கூடாதுன்னு நீதானே சொன்ன? என்னை மட்டும் அனுப்பலாமா? அதான் நானும் எல்லாருக்கும் சரின்னேன்."

இஜ்லாலின் முகம் ஷாஹிந்தாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டே அறை, நாலு பையன்கள். "சரிக்கா" என்றதும் அந்த முகத்தில் அப்படியே நின்றுபோன சிரிப்பு. அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மீனே இல்லாத பெண்ணின் முகம் அல்லவா அது! ஷாஹிந்தா அழுதாள். நாசூக்காகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. மூக்கு ஒழுக, பிள்ளை பார்க்க, அழுதாள்.

(என் முட்டைக்கோஸ் சுருள்கள் போன காரணமும் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அந்தக் கோபத்தை விட்டுவிட்டேன்.)

7

இங்கே முடிவு வேண்டும். கைவசம் சிலது இருக்கிறது.

உம்மு வக்தி மழையில் ஓடி வந்து, "புள்ளைய நான் வளர்க்கிறேன்" என்று மூன்று தடவை சொல்கிறாள். (சொல்லக்கூடியவள்தான். ஆனால் அவளால் ஓட முடியாது என்று ஏற்கனவே எழுதிவிட்டேன்.)

ஷாஹிந்தா வேலை வேண்டாம் என்று எழுதிப்போட்டுவிடுகிறாள். (இதை எழுதியதும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இரண்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தது நீங்களா?" என்று கேட்பதுபோல. அடித்துவிட்டேன்.)

குவைத்தில் வாடகையெல்லாம் திடீரென்று (தூ.)

நான் இப்படித் தடவிக்கொண்டிருக்கும்போதே ஷாஹிந்தா என்னைக் கேட்காமல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நீயும் வா. என்கூடக் குவைத்துக்கு வந்துடு."

முட்டை முதல் ஈரல்வரை முதல் வார்த்தையிலேயே வாரிக்கொண்ட பிள்ளை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெரியவர்களைப் போலவே நெஞ்சில் கை வைத்தாள்.

"இருக்கட்டும்மா. உனக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமமாவது ஒண்ணாவது. வாடி."

"இல்லம்மா, வேணாம். நீ நல்லபடியா போயிட்டு வா."

கை நெஞ்சிலேயே இருக்கிறது. முறை தப்பவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஷாஹிந்தாவின் தலைக்குள் ஒற்றை ஆள் அறையும், சம்பளத்தை விழுங்குகிற வாடகையும், சிரிப்பு நின்றுபோன அக்காவும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு தடவை ஆகிவிட்டது.

மூன்றாவதை நான் எழுத மாட்டேன். நான் எழுதினால் அது எழுத்தாளன் பேச்சுக்குச் சொன்னதாகப் போய்விடும். இந்தப் பிள்ளை அந்த வகையை நன்றாக அறிவாள். ஷாஹிந்தாவின் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் அடுப்பில் நிஜமாகவே மிச்சம் இருந்தால் மட்டும் வாயைத் திறங்கள்.