தெருவுக்கு ஒரு கேட்

பையன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பெண்தான் நகர்ந்துகொண்டே இருந்தாள்.

பையன் என்றால் சைலன்சர். பைக்கிலிருந்து அந்தப் பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டதால் அவனுக்கு அந்தப் பெயர். இல்லாத ஒன்றை வைத்துப் பெயரெடுப்பது அவர்கள் குடும்பத்துக்கே உள்ள ராசி. அவனுடைய தாய்மாமா, தெரு நலச் சங்கத்தின் செயலாளர், பத்து வருடமாக எந்தச் செயலும் செய்யாமல் அந்தப் பதவியை வகித்து வந்தார். தெருமுனையில் மூடிக் கிடந்த போட்டோ ஸ்டுடியோவின் படிக்கட்டில் சைலன்சரும் அவன் கூட்டாளிகளும் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார்கள். அதில் பொய் கிடையாது.

பெண் என்றால் கிரில்காரரின் மகள், பத்தாம் வகுப்பு. ஜன்னல் கிரில், கம்பிக் கதவு, மொட்டைமாடிக் கூண்டு எல்லாம் செய்கிற பட்டறை அவருடையது. ஊர் கெட்டுக் குட்டிச்சுவராகப் போகப் போக அவருக்கு ஆர்டர் குவிந்தது. அதில் அவருக்கே கொஞ்சம் கூச்சம்தான்.

முதலில் அவர்கள் அவளிடம் பெயர் கேட்டார்கள். தெரிந்த பிறகு அதை வைத்துப் பாட்டுக் கட்டினார்கள். பிறகு பைக்கை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு வீடு வரை பின்னாலேயே வந்தார்கள். ஒரு நாள் சைலன்சர் பின்னாலிருந்து அவள் பையின் வாரைப் பிடித்து இழுத்தான். அவள் மல்லாந்து விழுந்தாள். முழங்கை கிழிந்தது. எதிர்வீட்டு மாடியில் நின்றிருந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கிரில்காரர் கிளம்பினார். முதலில் பள்ளிக்கூடம்.

“கேட்டுக்கு வெளியில நடக்கிறதுக்கு நாங்க பொறுப்பில்லைங்க” என்றார் தலைமையாசிரியை. “வேணும்னா பாப்பாவை அரை மணி முன்னாடியே அனுப்பிடறேன். கடைசி பீரியட் கணக்குதான்.”

“கணக்கு போனாப் பரவாயில்லையா மேடம்?”

“பாதுகாப்புதானே முக்கியம்.”

அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். அங்கே இருந்தவர் தன்மையாக நாற்காலி போட்டார்.

“பையன் பேரு?”

“சைலன்சருங்க.”

“அது பேரா?”

“அதைச் சொன்னாத்தான் தெரியும். சங்கச் செயலாளரோட அக்கா பையன்.”

போலீஸ்காரர் பேனாவை மூடினார். “அவரா? தங்கமான மனுஷனாச்சே. நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலிகூட அவர் வாங்கிக் குடுத்ததுதான்.”

கிரில்காரர் எழுந்து நின்றார்.

“இதை எழுதினா அந்தப் பையன் வாழ்க்கை கெட்டுப்போயிடும். உங்க பொண்ணை வேற வழியா வரச் சொல்லுங்களேன்.”

“அந்த வழியில சாராயக்கடை இருக்குதுங்க.”

“அப்ப இந்த வழியே பரவாயில்லை.”

பக்கத்து வீட்டு அக்கா இலவசமாக ஒரு யோசனை சொன்னார்: முடியை இறுக்கமாகப் பின்னிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு போகட்டும். ஆக, மகள் நேரம் மாற வேண்டும், வழி மாற வேண்டும், தலைமுடி மாற வேண்டும். சைலன்சர் மாற வேண்டும் என்று மட்டும் ஒருத்தருக்கும் வாயில் வரவில்லை. அவன் என்னவோ கோபுரம்போல, அரசாங்கமே அவனைச் சுற்றித்தான் சாலை போட வேண்டும்போல.

கிரில்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆத்திரத்தோடு ஆத்திரமாக, மகளுடைய அறை ஜன்னலுக்கு இருந்ததிலேயே தடித்த கம்பியில், விரல் நுழையாத இடைவெளியில் ஒரு கிரில் அடித்து மாட்டினார். மகள் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள்.

“அப்பா, தப்புப் பண்ணினவனைத்தானே கம்பிக்கு உள்ள வைப்பாங்க?”

அவர் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். மற்றவர்களைப்போல “வலிக்காது” என்று சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. “வலிக்கும், கையை ஆட்டாதீங்க” என்பார். வீட்டிலும் அதே முறைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் தம்பியை வீடியோவில் கூப்பிட்டார்.

தம்பி வெளிநாட்டில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தான். அவன் கம்பெனிக்கு வெல்டர்கள் வேண்டும். குடும்பத்தையும் கூட்டிக்கொள்ளலாம், மகளைப் பக்கத்திலேயே படிக்கவும் வைக்கலாம். கிரில்காரர் ஏற்கெனவே கேமரா முன்னால் தகட்டை வெல்டிங் செய்து காட்டி, வேலைக்குத் தேறியும்விட்டார். அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதுதான் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

“வீட்டைக் காட்டறேன் பாருங்க மாமா” என்று மைத்துனன் போனைச் சுற்றிலும் திருப்பினான்.

“ஏம்ப்பா, ஜன்னல்ல கம்பியே காணோம்?”

“இங்க யாரும் போடறதில்லை மாமா.”

“ராத்திரி தூங்குவீங்களா?”

“தூங்காம?”

கிரில்காரருக்கு அது நாகரிகமாகப் படவில்லை. தொழிலையே அவமதிப்பதுபோல இருந்தது.

போன் வைத்ததும் மனைவி சொன்னார்: “சரின்னு சொல்லிடுங்க.”

“நான் எதுக்குப் போகணும்? வரி கட்டுறவன் நான், வீட்டுக்காரன் நான். படியில குந்திக்கிட்டு இருக்கிற தறுதலை இருப்பானாம், நான் மூட்டை கட்டணுமாம். நல்லா இருக்கே கதை.”

“உங்க கோவம் நியாயம்தாங்க. அந்த நியாயம் தினமும் சாயங்காலம் அவகூட நடந்து வருமா?”

“வேணும்னா நானே போய்க் கூட்டிட்டு வரேன்.”

“எத்தனை வருஷத்துக்கு? அவளுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்து, அதுவும் டியூஷன் போற வரைக்குமா?”

அந்த வாரம்தான் சங்கத்தின் கூட்டம் கூடியது. கிரில்காரர் தன் புகாரைச் சொல்ல எழுந்தார். செயலாளர் கையமர்த்தினார்.

“தெரியும், தெரியும். எல்லாருக்கும் அதே கவலைதான். நம்ம தெருவுல வெளியாளுங்க நடமாட்டம் ஜாஸ்தியாயிடுச்சு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவன் யார் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் என்று அங்கிருந்த நாற்காலிகளுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் ஒரு பேச்சுக்குக்கூட யாரும் வாயைத் திறக்கவில்லை. தெருமுனையில் பெரிய இரும்புக் கேட் போடுவது, வாட்ச்மேன் வைப்பது என்று முடிவாயிற்று. கேட்டைச் செய்து தரும் பொறுப்பு கிரில்காரருக்கு.

அவர் வீட்டுக்குப் பறந்து வந்தார். “வாட்ச்மேன் வந்துட்டா அவனுங்க அங்க குந்த முடியாது. பிரச்சினை தீர்ந்துச்சு.”

“அவன் வெளியாளா?” என்று கேட்டார் மனைவி.

“வாட்ச்மேனுக்கு யாரா இருந்தா என்ன? உட்காராதேன்னா உட்காராதேதான்.”

அன்றைக்கே மைத்துனனை அழைத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது குரலில் லேசான பெருமைகூட இருந்தது.

பிறகு ஆர்டர்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அந்தக் கேட்டைச் செய்தார். சொந்த மகளின் கல்யாணத்துக்கு நகை செய்கிற தட்டான்கூட அவ்வளவு இழைத்திருக்க மாட்டான். இரட்டைச் சட்டம், தேய்ந்து போகாத கீல், ஒற்றை விரலால் தள்ளினாலே திறக்கிற சமநிலை. ஆட்கள் நடந்து போக ஓரத்தில் ஒரு சின்னக் கதவு, அதற்கும் தனிப் பூட்டு. பெயின்ட் மட்டும் செயலாளர் விருப்பப்படி, தங்க நிறம்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள். டீ, பிஸ்கட் கொடுத்தார்கள். செயலாளர் பேசினார்: “வாட்ச்மேன் சம்பள விஷயத்துல நமக்குள்ள ஒத்து வரலை. அதனால என்ன? நம்ம பசங்க இருக்காங்க. எப்படியும் சாயங்காலமெல்லாம் இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. சாவி அவங்ககிட்டயே இருக்கட்டும். பொறுப்பு வந்தாத்தான் பிள்ளைங்களுக்கும் புத்தி வரும்.”

சைலன்சர் முன்னால் வந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டான். கைதட்டல் எழுந்தது. கிரில்காரரும் தட்டினார், என்ன நடந்தது என்று மண்டையில் ஏறுவதற்குள் கைகள் வேலையை முடித்துவிட்டிருந்தன.

அதற்குப் பிறகு அவர் மகள் தன் வீட்டுக்குப் போக சைலன்சரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. எங்கே போய்விட்டு வருகிறாய், யாரோடு பேசினாய், ஏன் தாமதம், எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் திறப்பான். முன்பு செய்தது பொறுக்கித்தனம். இப்போது அதுவே சங்கப் பணி. செயலாளரிடம் போய்ச் சொன்னால், “பசங்க கொஞ்சம் கண்டிப்பா இருக்காங்க, நல்லதுதானே” என்றார்.

அதனால் கிரில்காரரே தினமும் போய் மகளைக் கூட்டிவரத் தொடங்கினார். பட்டறையில் ஆள் வராத ஒரு நாள். கிரில்காரரால் மகளைக் கூட்டிவரப் போக முடியவில்லை. அவள் தனியாக வந்தாள். கேட் பூட்டியிருந்தது.

“சிரிச்சாத் திறப்போம்” என்றான் சைலன்சர், சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு.

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு சிரிப்பு. காசா பணமா?”

அவளுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். பால் பாக்கெட்டோடு ஒருவர், ஆபீஸிலிருந்து திரும்பிய ஒருவர், எதிர்வீட்டு மாடிக்காரர். அவள் பின்னால் திரும்பி அவர்களைப் பார்த்தாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்திருப்பாள். சொன்னார்கள்.

“சிரிச்சிட்டுப் போயேம்மா” என்றார் பால் பாக்கெட்காரர். “எங்களுக்கும் நேரமாகுதில்ல.”

அவள் சிரிக்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தெருமுனைத் தையல்காரர்தான் கிரில்காரருக்கு போன் செய்தார். “கேட்டைப் பூட்டி உங்க பொண்ணை வெளிய நிக்க வெச்சிருக்கான், உடனே வாங்க” என்றார்.

கிரில்காரர் வண்டியில் கட்டிங் மெஷினோடு வந்து இறங்கினார். தையல் கடையிலிருந்து வயரை இழுத்தார். கீல்களில் பிளேடை வைத்தார்.

“மாமா, இது சங்கத்துச் சொத்து” என்றான் சைலன்சர், கொஞ்சம் பின்வாங்கி.

“தள்ளி நில்லு. கண்ணுல பொறி பட்டா மாமா பொறுப்பில்லை.”

கீல்கள் உறுதியாக இருந்தன. தன் வேலையின் தரத்தைப் பார்த்து அன்றைக்கு முதல் தடவையாக அவருக்கு எரிச்சல் வந்தது. கடைசியில் கேட் சரிந்து, அக்கம்பக்கமே அதிர விழுந்தது. மகள் அதை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பால் பாக்கெட்காரரும் பின்னாலேயே போனார். அவருக்கும் நேரமாகியிருந்தது அல்லவா.

மறுநாள் அவசரக் கூட்டம். பெண் விழுந்தபோது கூடாத கூட்டம், கேட் விழுந்ததும் ஒருத்தர் பாக்கியில்லாமல் கூடியிருந்தது.

“பொதுச் சொத்தை இப்படி உடைக்கலாமாங்க?” என்றார் செயலாளர். “உங்க செலவுலயே திரும்ப மாட்டிக் குடுத்துடுங்க.”

“எம் பொண்ணை வெளிய நிக்க வெச்சானே, அதை யாராவது ஒருத்தர் அவன்கிட்டக் கேட்டீங்களா?”

மின்விசிறி சுற்றுவதை எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள்.

“இதோ பாருங்க, கோவப்படாதீங்க” என்றார் செயலாளர். “உங்க பொண்ணு ஒரு நிமிஷம் சிரிச்சிருந்தா விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?”

கிரில்காரர் அந்த அறையைச் சுற்றிலும் பார்த்தார். இத்தனை நாளாக அவர் யாரை வெளியேற்றப் பாடுபட்டாரோ அவன் ஒருவன்தான். இங்கே ஒரு அறை நிறைய உட்கார்ந்திருந்தார்கள், பிஸ்கட் தின்றுகொண்டு.

வீட்டுக்கு வந்தபோது மகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் மைத்துனன், கவச உடையோடு, வேலை இடைவேளையில். மனைவி பக்கத்தில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, பொய் சொல்லாமச் சொல்லுங்க. அங்க பொண்ணுங்க சாயங்காலம் தனியா நடப்பாங்களா?”

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

“எங்க தெருவுல நடப்பாங்கடா. நானே தினமும் பார்க்கிறேன். எல்லாத் தெருவுலயும்னு சொல்ல மாட்டேன். நம்மளைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறவங்களும் இங்க உண்டு.”

“ஒரு தெரு போதும் மாமா.”

கிரில்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் ஊரையே திருத்திக் கொடுக்கப் பார்த்தார். அவள் கேட்டது ஒரு தெரு. அதைக்கூட இரும்பால் செய்து கொடுக்க அவரால் முடியவில்லை.

“மாப்பிள்ளை” என்றார் போனைப் பார்த்து, “நான் வரலைன்னு சொன்னேனே...”

“அதை நான் கம்பெனியில இன்னும் சொல்லலை மாமா. அக்காதான் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுச்சு.”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி தட்டை அலமாரியில் வைத்தார். “பெட்டி வாங்கணும்” என்றார்.

கிளம்புகிற நாளில் செயலாளர் தெருமுனையில் ஆட்களைத் திரட்டி நிறுத்தியிருந்தார். பூங்கொத்து, கையில் மைக். டாக்சியை மறித்தே நிறுத்திவிட்டார்கள்.

“நம்ம தெருக்காரர் ஒருத்தர் பெரிய கம்பெனி, நல்ல சம்பளம், மகளுக்கு உயர்ந்த படிப்புன்னு கடல் கடந்து போறார். நமக்கெல்லாம் பெருமை. ரெண்டு வார்த்தை பேசட்டும்.”

கிரில்காரர் இறங்கி மைக்கை வாங்கினார்.

“சம்பளம் நல்ல சம்பளம்தான். படிப்பும் இருக்கு. ஆனா அதுக்காக நாங்க போகலை. அதோ படியில உட்கார்ந்திருக்கானே, செயலாளரோட அக்கா பையன், அவனுக்குப் பயந்து போறோம். அவன் பண்ணினதைப் பார்த்துட்டுச் சும்மா நின்னீங்களே, உங்க எல்லாருக்கும் பயந்து போறோம். நாளைக்கு யாராவது எங்களைப் பத்திக் கேட்டா, வசதி தேடிப் போனாங்கன்னு சொல்லாதீங்க. துரத்திட்டோம்னு சொல்லுங்க.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். செயலாளர் அதைக் கையால் பொத்திக்கொண்டு அவர் காதருகே வந்தார்.

“நல்ல காரியமாப் போறப்ப எதுக்குங்க இவ்வளவு கோவம்? அதை இங்கயே விட்டுட்டுப் போயிடுங்க.”

“விட்டுட்டுப் போனா இங்க பார்த்துக்க ஆள் இல்லைங்க” என்றார் கிரில்காரர். “நானே எடுத்துட்டுப் போறேன்.”

டாக்சியில் ஏறிக் கதவைச் சாத்தினார். மனைவி டிரைவரிடம் போகச் சொன்னார்.