ஒற்றை ஆணி அடித்த அறை

தர்ஷன் ஈர மணலில் மல்லாந்து கிடந்தான். முகத்துக்கு ஒரு முழம் மேலே பலகைத் தளம். அதன் மேல் அவனுடைய மச்சான் பிரதீபன் குதிக்காலை ஊன்றி நடந்தான். ஒரு பலகை கிறீச்சிட்டது. தர்ஷன் அந்த இடத்தில் பென்சிலால் கீறி, பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் ஆப்பை வைத்துத் தட்டினான்.

"திரும்ப மிதி."

அது அடங்கியது. இரண்டடி தள்ளி இன்னொன்று முனகியது.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், குளத்தோரம் விருந்தினருக்கென்று கட்டிய மரக்குடில் அது. முன்னறையில் பசை பூசி, ஸ்குரூ ஆணி முறுக்கியிருந்தார்கள். அது சத்தம் போடவில்லை. பின்னறை வேலைக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பொழுதுபட்டால் அந்த றோட்டில் யானை இறங்கும். மோட்டார் சைக்கிளும் வராது. பின்னேரப் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. வேலை முடியும்வரை குடிலிலேயே படுக்கிறோம் என்று தர்ஷன் கேட்டுப் பார்த்தான். புது அறையில் பீடி நாற்றம் பிடித்தால் போகாது என்றார் மனேச்சர் சுதாகரன். கடைசி நாள் பஸ் ஹோர்ன் கேட்டபோது, சட்டத்துக்கு இரண்டு ஆணி அடிக்க வேண்டிய இடங்களில் ஒன்றை மட்டும் அடித்துவிட்டு ஓடினான். மழை விட்டு மரம் காய்ந்தது. பலகைகள் அந்த ஒற்றை ஆணியில் ஏறி இறங்கத் தொடங்கின.

முதலாளியின் தமக்கை குடும்பம் கனடாவிலிருந்து இன்று வந்து தங்குகிறது. தளம் கத்தாவிட்டால் அடுத்த நாலு குடில்களும் தர்ஷனுக்கு. கத்தினால் வவுனியாவிலிருந்து வேறு ஆட்கள். மேலே வார்னிஷ் பூசியாகிவிட்டது, புது ஓட்டை ஒன்றும் தெரியக்கூடாது என்றும் சுதாகரன் சொல்லியிருந்தார்.

பிரதீபன் இறங்கி வந்து குனிந்தான்.

"மச்சான், பஸ் வரப்போகுது. வா."

"கட்டிலுக்குப் பக்கத்தில ஒண்டு கிடக்கு."

"கிடக்கட்டும். பஸ்ஸை விட்டா ஆனையோட கதைச்சுக் கதைச்சுத்தான் வீட்ட போகோணும்."

"நீ போ. உன்ர தங்கச்சி பிரேமிளாட்டச் சொல்லு, சுணங்குமெண்டு."

பஸ் போய்க் கொஞ்ச நேரத்தில் வான் வந்து நின்றது. பெட்டிகள் படியில் ஏறின. சுதாகரன் கீழே குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"தட்டாதை. ஆக்கள் வந்திட்டினம்."

கட்டிலருகே யாரோ நடந்தார்கள். பலகை முனகியது. தர்ஷன் சுத்தியலை மணலில் வைத்தான். ஆப்பை உள்ளங்கையால் தள்ளினான். தோல் உரிந்தது. மறுபடி காலடி. தூசி கண்ணில் விழுந்தது. இன்னும் தள்ளினான். அடுத்த முறை காலடி மட்டுமே கேட்டது.

தவழ்ந்து வெளியே வந்தபோது வெயில் இல்லை. நல்ல வேலை, திங்கட்கிழமை வா, நாலும் உனக்குத்தான் என்றார் சுதாகரன்.

"பஸ் போயிட்டுது ஐயா. இண்டைக்கு இதுக்குக் கீழ படுக்கட்டே? மேல வரமாட்டன்."

"கீழ ஆள் கிடக்கிறது தெரிஞ்சா அவை பயப்பிடுவினம், தம்பி."

தர்ஷன் சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு வந்தான். சுதாகரன் படலையைச் சாத்தி, யானை வேலிக்குக் கறண்ட் போட்டார்.

விருந்தினர் விறாந்தைக்கு வந்து நின்றார்கள். ஒருவர் டோர்ச் அடித்து யானை தேடினார். வெளிச்சம் பற்றைகளைத் தடவி, றோட்டுக்கு வந்து, தர்ஷனின் முதுகில் சற்று நின்றது. பிறகு அடுத்த பற்றைக்குப் போனது.