எந்த நாட்டில் என் பெயர்?

காட்டைத் தோட்டமாக்கிய கைகளுக்குக் கையகல மண்கூடச் சொந்தமில்லை. அந்தக் கைகள் பெண்ணின் கைகளாக இருந்துவிட்டால், குடியிருந்த லயத்து வீட்டின் பதிவில் பெயர்கூட இல்லை! மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செடெனாக் அருகே ரப்பர் பால்மரம் சீவியே தேய்ந்தவள் தேன்மொழியின் தாய். தோட்டம் கைமாறியபோது, “கணவர் இறந்துவிட்டார், வீடு உங்கள் பெயரில் இல்லை” என்று சொல்லி அவளை வெளியேற்றினார்கள். பானையும் பாயுமாகச் சாலையில் நின்ற தாயைக் கண்ட அன்றே தேன்மொழி உறுதி பூண்டாள்: என் பெயரில் ஒரு வீடு!

சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் உழைத்துப் பணம் சேர்த்தாள். குலாயில் குடியிருக்கும் வீடு கணவர் கமலநாதன் பெயரில் இருந்தது. “அடுத்தது உன் பேர்லதான்” என்று அவரே சொன்னபோது அவள் நெஞ்சு நிறைந்தது. முதுமைக்கு வாடகை வரவேண்டும். அந்த வீட்டை வெளிநாட்டில் வாங்குவோம் என்றும் முடிவாயிற்று. ஆனால் எந்த நாட்டில்?

ஜொகூர் பாரு விடுதி ஒன்றில் நடந்த வீட்டு விற்பனைக் கண்காட்சியில் விவாதம் சூடுபிடித்தது.

“ஆஸ்திரேலியாவுல பெர்த் லா! எங்க மனேஜரே அங்கதான் வாங்கியிருக்காரு” என்றார் கமலநாதன்.

“உங்க மனேஜர் தலைக்குச் சாயமும்தான் பூசுறாரு. நீங்களும் பூசுங்க.”

“சரி, துபாய்?”

“வெயில் தாங்காதுங்க.”

“நீயா குடியிருக்கப் போற? வாடகைக்குத்தானே!”

“அப்ப பக்கத்துல, தாய்லாந்து ஹாட்யாய்?”

“அலமாக்! தோம் யாம் சூப் குடிக்கப் போற ஊர்ல யாராவது சொத்து வாங்குவாங்களா, தேனு?”

அப்போது பெர்த் விளம்பரப் பலகையில் ‘கிராண்ட் உண்டு’ என்ற ஆங்கில வரி அவள் கண்ணில் பட்டது. ஜொகூரில் கிராண்ட் என்றால் வீட்டுப் பட்டா. அதற்கு வேறு பொருளும் உண்டென்று அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை. முகம் மலர்ந்தது. முன்பணம் கட்ட அமர்ந்தாள், பேனாவை எடுத்தாள்.

“தங்கச்சி, கிராண்ட்ல என் பேரு மட்டும்தானே வரும்?”

விற்பனைப் பெண் நுஸ்ரத் நிமிர்ந்து பார்த்தாள். அவளும் ஜொகூர்க்காரிதான், யோங் பெங்கில் பிறந்தவள். அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வாய்மூடி இருந்தால் தரகு அவளுக்கு. யார் குற்றம் சொல்ல முடியும்? ஆயினும் அவள் வாய்மூடி இருக்கவில்லை!

“அக்கா, நீங்க வீட்டு கிராண்ட்டைச் சொல்றீங்களா?”

“பின்ன வேற என்ன?”

“இது அது இல்லக்கா. அந்த நாட்டுக்காரங்க முதல் வீடு வாங்கினா அரசாங்கம் குடுக்கிற உதவிக் காசு. நமக்குக் கிடைக்காது. வீடே இன்னும் எழும்பல. கட்டி முடிச்சாதான் உங்க பேர்ல பட்டா.”

தேன்மொழி பேனாவைக் கீழே வைத்தாள். கமலநாதன் மனேஜரை மறந்தார்.

“கட்டி முடிச்ச வீடு, பதியிற அன்னைக்கே என் பேரு. எந்த நாட்டுலம்மா கிடைக்கும்?”

“ஹாட்யாய்ல கட்டி முடிச்ச அடுக்குமாடி வீடு இருக்கு. வெளிநாட்டுக்காரங்க பேர்லேயே பதியலாம். எங்ககிட்ட இல்லக்கா. வேற ஆளுங்ககிட்ட கேளுங்க, நல்ல வக்கீலா வச்சுக்குங்க.”

“உன் கமிஷன்?”

“உங்களை ஏமாத்தி வர்ற கமிஷன்ல எனக்குச் சோறு இறங்காதுக்கா.”

பிழைப்பையே விட்டுக்கொடுத்து, முன்பின் அறியாதவளைக் காத்தாள் அந்தப் பெண். பொன்னாடைகளும் மாலைகளும் எவர் எவருக்கோ விழும் இந்த உலகில், இவளுக்கு விழாதது நமக்கன்றோ வெட்கம்!

சில மாதங்களுக்குப் பின் ஹாட்யாய் நில அலுவலகத்தில் ஓர் அதிகாரி, தாய்லாந்து எழுத்தில் எழுதிய பட்டாவைப் பார்த்து உரக்க அழைத்தார்: “தேன்... மோ... லீ?”

கமலநாதன் சிரித்துவிட்டார். “லீயா! சீனத்தியாவே ஆக்கிட்டாங்க, தேனு!”

தேன்மொழி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “நான்தான்” என்றாள். பட்டாவை இரு கைகளாலும் வாங்கினாள். அதில் ஓர் எழுத்தும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதிகாரி சுட்டிக்காட்டிய தன் பெயரை விரலால் தடவிக்கொண்டே, வாசலுக்கு வந்து நுஸ்ரத்தைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“தங்கச்சி, வந்துடுச்சு. நல்லா இரும்மா.”