நிழலுக்கு நகர்ந்த முக்காலி

தளிக்கு அப்பால் அந்த ரோஜாத் தோட்டத்தில் அன்று இருந்தவர்கள்: தோட்டக்காரர் கங்கப்பன், அவர் மனைவி முனிலட்சுமி, கிழக்குப் பக்கத்து நிலத்துக்காரர் முத்துக்குமார், எல்லை அளக்க மத்திகிரியிலிருந்து வந்த லிபியா, யார் வந்தாலும் குரைக்காத ஒரு நாய்.

கங்கப்பன் எல்லையோரம் பூ வைக்கும் குளிர் அறை கட்டியிருந்தார். பாதி அறை தன் நிலத்தில் நிற்கிறது என்றார் முத்துக்குமார். பேச்சு தடித்து, கடைசியில் அளந்துவிடலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

லிபியா தனியாக எடுத்த முதல் வேலை இது. ஓசூர்க் கம்பெனி ஒன்றில் இரவு ஷிப்ட் பார்த்து, ஒரு விடியற்காலையில் போதும் என்று வெளியே வந்தவள். அங்கே அவள் கை வழியாகப் போன பொருள் எதிலும் அவள் பெயர் இல்லை. இங்கே வரைபடத்தின் அடியில் அவள் பெயர் வரும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய மிசினு?" கங்கப்பன் போனை நீட்டினார். "இதா பாரு, என் பூ வண்டி அத்திப்பள்ளி தாண்டிடுச்சு. வண்டியில ஒரு சின்ன டப்பா, அது சொல்லுது. இந்த போன வச்சே எல்லையும் நான் அளந்துட்டேன்."

"வண்டி எந்த ரோட்டுல போவுதுன்னு பாக்க டப்பா போதும்ணா. வழி கேக்க போன் போதும். ரெண்டும் நாலஞ்சு மீட்டர் முன்னபின்ன சொல்லும். கல்லு நடறதுக்கு ஆவாது."

"வழியாச்சும் ஒழுங்கா சொல்லுச்சா? காலையில தைலத்தோப்புல நின்னு முழிச்சியே!" என்றார் முத்துக்குமார். லிபியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முற்றத்தில் ஓர் ஆணி அடித்து, அதற்கு நேர் மேலே முக்காலியை நிறுத்தி ஒரு கருவியைப் பொருத்தினாள். இன்னொரு கருவி நீளக் கழியின் உச்சியில், அவள் கையில். இரண்டும் ஒரே செயற்கைக்கோள்களைக் கேட்பவை. நிற்பது பிழையைச் சொல்லும், நடப்பது திருத்திக்கொள்ளும். விரற்கடைக்குள் கணக்கு நிற்கும். நிற்பது மட்டும் நகரக் கூடாது; நகர்ந்தால் எல்லைக் கோடும் அதே பக்கம் நகர்ந்துவிடும்.

மேற்கே பழைய எல்லைக் கற்களை அளந்து, சர்க்கார் வரைந்த புலப்படத்தோடு பொருத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து கிழக்கு எல்லைக்கு முளை அடித்தாள். முளை குளிர் அறையையும் தாண்டிக் கிழக்கே விழுந்தது; அறை முழுக்கக் கங்கப்பன் நிலத்தில்.

"மிசினு சொன்னா சரி. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்," என்று சொல்லிவிட்டு முத்துக்குமார் வீட்டுக்குப் போனார். கங்கப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

கருவியைக் கட்ட லிபியா முற்றத்துக்கு வந்தாள். ஆணி வெயிலில் தனியாகக் கிடந்தது. முக்காலி கிழக்கே, பலாமரத்தடியில் நின்றது.

"அக்கா, இத யாரு நகத்துனது?"

"நாந்தாம்மா. நீ தண்ணி குடிக்கப் போனப்ப," என்றாள் முனிலட்சுமி, பெருமையோடு. "பாவம், வெயில்ல நின்னு கொதிக்குது. கொழந்தையத் தூக்கற மாதிரி ஆடாம தூக்கியாந்து நெழல்ல வச்சேன்."

திட்ட வாயெடுத்த லிபியா அடக்கிக்கொண்டாள். தொடக் கூடாது என்று இவளிடம் யார் சொன்னது? முக்காலியை மறுபடி ஆணிக்கு மேல் நிறுத்தி, கிழக்கு எல்லையை முதலிலிருந்து அளந்தாள். அறைக்கு வடக்கே ஒரு புள்ளி, தெற்கே ஒரு புள்ளி. நடுவே பிடித்த நூல் சுவரில் போய் முட்டியது. பாதி அறை முத்துக்குமாருடையது.

கங்கப்பன் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவனே ஒத்துக்கினு போயிட்டான். நீ ஏம்மா கெளப்புற? மொத முளையே இருக்கட்டும்."

"படத்துல என் பேரு வருதுண்ணா. தப்பான கோட்டுக்குக் கீழ அது வராது."

"உம் பேரு என்னா அவ்ளோ பெரிய பேரா?"

"இன்னிக்குத்தான் ஆரம்பிக்குது."

அவள் முதல் முளையைப் பிடுங்கி எறிந்தாள். கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிழக்கு வீட்டைப் பார்த்து நடந்தாள். முத்துக்குமாரிடம் சொல்லவேண்டியது இருந்தது. கம்பெனி கேட்டை விட்டு வந்த அன்றுகூட அவள் இவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

"போறியா? போ! இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத!" கங்கப்பன் பின்னாலிருந்து கத்தினார்.

முனிலட்சுமி முக்காலியை இரு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். கேட்டுக்கு வெளியே நின்ற லிபியாவிடம் ஆடாமல் கொடுத்தாள். "இத வெயில்லயே வைம்மா," என்றாள் மெதுவாக. மனைவியை உள்ளே இழுத்துவிட்டு, கங்கப்பன் இரும்புக் கதவை அடித்துச் சாத்திப் பூட்டினார்.