மேட்டில் மூச்சு வாங்கிய வண்டி

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. மற்ற நாட்களில் அந்த வலி கடைசி லோடு இறக்கி முடித்த பிறகுதான் வரும். இன்று மத்தியானத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டது. ஷோரூமின் குளுகுளு அறையில் மெத்தை வைத்த நாற்காலியில் சாய்ந்தால் கொஞ்சம் குறையும் என்று பார்த்தால், நாற்காலி ஆளையே உள்ளே இழுத்து முதுகை வில்லாக வளைத்தது. உழைத்து நொந்த இடுப்பை மனதில் வைத்துச் செய்த நாற்காலி இல்லை அது. கியர் அக்கா எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டாள்.

செங்கல் சூளையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். லோடு வண்டியை அவள் ஓட்டுவாள். அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து கல்லை ஏற்றுவார், இறக்குவார். கல்யாணமான புதிதில் ஸ்டியரிங் அவர் கையில்தான் இருந்தது. பிறத்தியார் மதில்சுவரை இரண்டு தடவை முட்டிச் சாய்த்த பிறகு, "என் தோளுக்கு வேலை குடு, கண்ணுக்குக் குடுக்காதே" என்று சாவியை அவளிடம் நீட்டிவிட்டார். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

இப்போது குன்றின் உச்சியில் கட்டுகிற ஒரு பெரிய வீட்டுக்குக் கல் போய்க்கொண்டிருக்கிறது. மழை பிடிக்கும்வரை ஓடக்கூடிய வேலை. ஆனால் அந்த மேடு லேசுப்பட்ட மேடு இல்லை. அடியிலிருந்து உச்சிவரை இரண்டாவது கியரை விட்டு நகர முடியாது. இன்று காலை பாதி மேட்டில் வண்டி மூச்சை விட்டுவிட்டது. மிதித்தால் இரைச்சல் வந்தது, இழுவை வரவில்லை. பின்னால் கரும்புகை. மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு. ஷோரூமுக்குப் போன் போட்டால், "எதையும் தொடாதீங்க, தொட்டா வாரண்டி போயிடும், அப்படியே கொண்டாங்க" என்றார்கள். கல்லைச் சாலையோரமே இறக்கி அடுக்கிவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தார்கள்.

உச்சியில் காத்திருந்த மேஸ்திரி போனில் கோபப்படவில்லை. "அக்கா, நாளைக்குக் காலையில கல்லு வந்துட்டா ஒண்ணுமில்ல. வரலைன்னா டிராக்டர்காரனுக்குச் சொல்லிடுவேன். ஆளுங்களைச் சும்மா உக்கார வெச்சு நான் என்ன கதையா சொல்றது?" என்றார். டிராக்டர்காரன் ஒரு வேலைக்குள் கால் வைத்துவிட்டால் பிறகு அவனை நகர்த்த முடியாது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சர்வீஸ் அட்வைசர் வந்தான். டை கட்டிய பையன். கெட்ட செய்தி சொல்வதற்கென்றே பழக்கி வைத்த ஒரு சிரிப்பு.

"மேடம், இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற டர்போ போயிடுச்சு. முழுசா மாத்தணும். பார்ட் வர நாலு நாள் ஆகும்."

"நாலு நாளா?" வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "வாரண்டியில வருமா?"

"சொல்ல முடியாது சார். சூடு தாங்காமப் போயிருக்கு. மேடு ஏறின சூட்டோட இன்ஜினை ஆஃப் பண்ணியிருப்பீங்க. ஆஃப் பண்ணா டர்போவுக்கு எண்ணெய் போறது நின்னுடும். உள்ளே இருக்கிற எண்ணெய் கருகிடும். தப்பு உங்க மேலன்னு வந்துட்டா கம்பெனி தராது."

கியர் அக்காவுக்கு இடுப்பு வலி மறந்தே போயிற்று.

"யாரு, நானா? சூட்டோட ஆஃப் பண்ணேனா?"

"தம்பி, எதை வேணா சொல்லுங்க, அதை மட்டும் இவகிட்ட சொல்லாதீங்க" என்றார் வீட்டுக்காரர். "மேல போனதும் ரெண்டு நிமிஷம் இன்ஜினைச் சும்மா ஓட விட்டுட்டு உக்காந்திருப்பா. டீசல் வீணாப் போகுதேன்னு நான் கத்துவேன். டர்போ ஆறட்டும்னு சொல்லுவா. எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட அவ்வளவு நேரம் பக்கத்துல உக்காந்ததில்ல."

"உங்க காய்ச்சல் கல்லைச் சுமந்துக்கிட்டா மேடு ஏறுச்சு?" என்றவள் பையன் பக்கம் திரும்பினாள். "சரி தம்பி, டர்போ போச்சுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தோம் மேடம். காத்தழுத்தம் கம்மின்னு வருது."

"காத்து கம்மின்னுதானே வருது? டர்போ செத்துடுச்சுன்னா வருது?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

"அது எப்படி ஒண்ணாகும்? மூக்கு அடைச்சாலும்தான் மூச்சு வராது. அதுக்காக நுரையீரலையா மாத்துவாங்க? பானெட்டைத் திறந்து பாத்தீங்களா?"

பையன் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தான். பதில் அதில் இருப்பதுபோல் மேலும் கீழும் தள்ளினான். "கம்ப்யூட்டர் கேபிளை ஸ்டியரிங்குக்குக் கீழேயே மாட்டிடுவோம் மேடம்" என்றான்.

"பானெட்டையே திறக்கல!" மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சிரித்ததில் காபி சட்டையில் சிந்தியது. பால் வண்டி ஓட்டுகிறவர். தன் வண்டிக்கு பிரேக் மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். "கேளும்மா, நல்லாக் கேளு. நமக்கெல்லாம் கேக்கத் தெரியாதுன்னு நெனச்சுக்கறாங்க."

இன்னும் நாலு கேள்வி கேட்கும் தெம்பு அவளிடம் இருந்தது. அதற்குள், மூக்கு அடைத்தால் என்று தானே சொன்னது தன் காதிலேயே திரும்ப வந்து விழுந்தது.

வெயில் ஏற ஏற, இரண்டு நிமிஷம் போதாது என்று அவளுக்கு ஒரு கவலை பிடித்திருந்தது. அதனால் கொஞ்ச நாளாக, வீட்டுக்காரர் பின்பக்கம் கல் இறக்கும் நேரத்தில், ஒரு சணல் சாக்கைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பிழிந்து, பானெட்டைத் திறந்து டர்போ மேல் போர்த்திவைப்பாள். கிளம்பும்போது எடுத்து சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிவிடுவாள். நேற்று சாயங்காலம் சாக்கைப் போட்ட கையோடு மேஸ்திரி கூப்பிட்டார். பானெட்டைச் சாத்திவிட்டுப் போனாள். பேசினாள். வந்து வண்டியை எடுத்தாள். சாக்கை எடுத்தாளா? இன்று காலையில் கொக்கி வெறுமையாகத்தான் தொங்கியது. கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

சொன்னால், தப்பு தன் மேல்தான் என்று தன் வாயாலேயே எழுதிக்கொடுத்த மாதிரி. வாரண்டி போனாலும் போகும். வீட்டுக்காரர் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். சொல்லாவிட்டால், நல்ல டர்போவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசுக்காக நாலு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் டிராக்டர் மேடேறிவிடும்.

"ஏங்க, இங்க வாங்க." அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்ச் சொன்னாள்.

அவர் நம்பாமல் பார்த்தார். "டர்போவுக்கு ஈரத்துணி போட்டியா?"

"மெதுவாப் பேசுங்க."

"நெத்தியில பத்து போட்டியா, இல்ல அது நாளைக்கா?"

"சிரிக்காதீங்க. மானம் போகுது."

"அது போனா போகுது, வேலை போகக் கூடாது. வா" என்று அவரே முன்னால் நடந்தார். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்குவது பின்னாலிருந்து நன்றாகத் தெரிந்தது.

பட்டறைக்குள் போய், பையனிடமும் நீலச் சட்டை மெக்கானிக்கிடமும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். "மேல போனதும் ரெண்டு நிமிஷம் இன்ஜினை ஓட விடுவேன். அது போதாதுன்னு நேத்து டர்போ மேல ஈரச் சாக்கு போட்டேன். எடுக்க மறந்துட்டேன்னு நெனைக்கிறேன். திறந்து பாருங்க."

பானெட்டைத் தூக்கியதும் கருகிய சணல் வாடை குப்பென்று வந்தது. டர்போ மேல் ஒரு துண்டு சாக்கு, ஓரமெல்லாம் கரியாகி ஒட்டிக்கிடந்தது. மீதியை இன்ஜின் காற்றோடு சேர்த்து இழுத்திருந்தது. காற்று உள்ளே போகிற குழாயின் வாயில் அது திரியாக முறுக்கிக்கொண்டு அடைத்திருக்க, காற்றை வடிகட்டும் ஃபில்டர் பெட்டிக்குள் நாரும் சேறும் அப்பி, ஃபில்டரே நசுங்கிப்போயிருந்தது.

மெக்கானிக் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "அக்கா, பழுக்கச் சூடான இரும்புல ஈரம் பட்டா விரிசல் விடும். தீப்பிடிக்காம இருந்ததே பெரிய விஷயம். நீங்க ரெண்டு நிமிஷம் ஓட விடறீங்க பாருங்க, அதுவே போதும். மத்ததை எண்ணெய் பாத்துக்கும்."

அவள் தலையாட்டினாள். அவன் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு டர்போவின் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தான், சுற்றிப் பார்த்தான். எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தான்.

"டர்போ கல்லுக்குண்டு மாதிரி இருக்கு சார்" என்றான் பையனிடம்.

பையன் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டான். "சாரி மேடம். திறந்து பாத்திருக்கணும்."

"நானும் எடுத்திருக்கணும் தம்பி. விடுங்க."

அதோடு தீர்ந்துவிடவில்லை. அந்த மாடலுக்கு ஃபில்டர் கடைசியாக இருந்ததும் விற்றுப்போய்விட்டது, நாளை மத்தியானம்தான் அடுத்தது வரும் என்றார்கள் ஸ்டோரில். நாளை மத்தியானம் வந்தால் காலையில் எப்படிக் கல் போகும்? வீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவள் நசுங்கிய ஃபில்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தாள், எதற்கும் உதவாது.

பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்திருந்த பால் வண்டிக்காரர் தன் வண்டிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பிரிக்காத அட்டைப் பெட்டி.

"என்னுதும் இதே வண்டிதாம்மா. மண் ரோட்டுல ஓடறதால எப்பவும் ஒண்ணு கூடவே வெச்சிருப்பேன். மாட்டிக்கோ."

வீட்டுக்காரர் சட்டைப்பையில் கைவிட்டார். பெரியவர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். "காசு வேணாம்ப்பா, காசு என் கையில நிக்காது. ஃபில்டராவே திருப்பிக் குடுங்க. எனக்கும் ஒருநாள் மூக்கு அடைக்குமில்ல?"

ஃபில்டரை மாட்டி, மஞ்சள் விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். ஷோரூமுக்கு வெளியே இருந்த பாலத்தில் ஏற்றிப் பார்த்தாள். முதல் மிதியிலேயே வண்டி முன்னால் பாய்ந்தது. வீட்டுக்காரர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாடி, டர்போவுக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கப் போகுது."

"இதை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவீங்க?"

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன்."

வெளிச்சம் இருக்கும்போதே பாதி மேட்டில் அடுக்கிவைத்த கல்லை ஏற்றிக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டார்கள். மேஸ்திரி தலையில் சும்மாடோடு ஓடி வந்தார். "நாளைக்குன்னுதானே சொன்னேன், இன்னைக்கே வந்து நிக்கறீங்க! டிராக்டர்காரன் போன் போட்டான், ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன்." அவள் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கத்தவில்லை. கல்லை இறக்கிக்கொண்டே, ஈரத்துணிக் கதையை மேஸ்திரிக்கு ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கியபோது இடுப்பு மறுபடி தெறித்தது. அது வழக்கமான நேரத்து வழக்கமான வலி. தாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த வாரமே புது ஃபில்டர் வாங்கி சீட்டுக்கடியில் வைத்துவிட்டாள். பெரியவரின் போன் நம்பரைத்தான் இரண்டு பேருமே கேட்க மறந்திருந்தார்கள். எதிரே பால் வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்கிறாள். இதுவரை அவராக இல்லை. அவருக்கு ஒரு ஏர் ஃபில்டர் பாக்கி.